மலிவு விலைப் பாகங்கள் காரின் சக்தியைக் கூட்டுமா? செட்டிநாட்டுப் பக்கம் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பதினோரு மாதத்தில் முப்பத்தொன்பதாயிரம் ரூபாய் செலவழித்தேன். கூம்பு ஃபில்டர் 2,800, ஓபிடி சிப் (வண்டியின் பரிசோதனைச் சாக்கெட்டில் செருகுவது) 650, த்ராட்டில் கன்ட்ரோலர் 9,500, சைலன்சர் மாட்டுக்கூலியோடு 21,000, இரிடியம் பிளக் நான்கு 3,400, எர்த்திங் வயர் செட் 1,650. கடைசியில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் டைனோ (சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) மேல் ஏற்றி அளந்து பார்த்தபோது, இத்தனையும் சேர்ந்து ஒரு குதிரைசக்தியைக்கூடக் கூட்டவில்லை என்று தெரிந்தது.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் (குதிரைசக்தி), 175 என்எம் டார்க் (சுழற்றும் விசை), ஏழு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்). இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். நம் பக்கம் பத்து லட்சத்துக்குள் வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் வாங்குவது இந்த மாதிரி வண்டிகளைத்தான்: ஜிடி, அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன். கீழே சொல்வது பெரும்பாலும் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். நான் போன வரிசை தப்பு. நீங்கள் போகவேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. எதையும் வாங்குமுன் இருக்கிற சக்தியை அளந்துவிடுங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாதவனுக்கு எதை மாட்டினாலும் கூடியது போலத்தான் தோன்றும். காசு கொடுத்தவன் மனசு கூடியதாகவே சொல்லும்.

இரண்டு வழி உண்டு. முதலாவது, ஒரு புளூடூத் ஓபிடி ரீடர். ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பம், டர்போ அழுத்தம், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) எல்லாம் எண்ணாக ஓடும். இந்த முழுக் கதையிலும் எனக்கு உண்மையாகப் பயன்பட்ட ஒரே மலிவுப் பொருள் இதுதான். சக்தியைக் கூட்டும் என்று விற்கும் ஓபிடி சிப் வேறு, இது வேறு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், குழம்பாதீர்கள்.

இரண்டாவது டைனோ. காரைக்குடியிலோ புதுக்கோட்டையிலோ தேடி அலைய வேண்டாம். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்றுதான் போகவேண்டும். எங்களுக்குத் திண்டுக்கல் வழியாகக் கோயம்புத்தூர் வசதி. விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வெறும் அளவீட்டுக்கு இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் வரை கேட்பார்கள். போன் செய்து முன்பதிவு செய்துகொள்ளுங்கள். சனிக்கிழமை போனால் வரிசையில் உட்கார வேண்டியிருக்கும்.

டைனோ தாளில் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, அது சக்கரத்தில் கிடைக்கும் சக்தியா, எஞ்சினில் கணக்கிட்ட சக்தியா? கம்பெனி சொல்லும் 105 பிஎஸ் எஞ்சினில் அளந்தது. கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் தின்றது போகச் சக்கரத்துக்கு வருவது பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறைவாக இருக்கும். என் வண்டி சக்கரத்தில் 89 காட்டியது. அது நோஞ்சான் வண்டி இல்லை, சரியான எண்தான். 'உங்க கார் 89தான் சார் காட்டுது, 105 வரணும்' என்று யாராவது பயமுறுத்திப் பாகம் விற்கப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு, அன்றைக்கு அறையின் வெப்பம் எவ்வளவு? 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் ஐந்து சதவீதம் அடர்த்தி குறைவு. அதாவது சித்திரை வெயிலில் மத்தியானம் மூன்று மணிக்கு அளந்துவிட்டு, பாகத்தை மாட்டி, மார்கழிக் காலையில் மறுபடி அளந்தால் எதுவுமே மாட்டாமல் நான்கைந்து குதிரை கூடியிருக்கும். வெப்பத்துக்கான திருத்தம் டைனோ மென்பொருளிலேயே உண்டு. அதைப் போட்டார்களா என்று கேளுங்கள். இரண்டு அளவீட்டையும் ஒரே டைனோவில், முடிந்தால் ஒரே நாளில் எடுங்கள்.

மூன்று, ஒரே ஓட்டத்தோடு விடாதீர்கள். மூன்று முறை ஓடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த ஓட்டங்களுக்குள்ளேயே ஒன்றிரண்டு குதிரை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிய மாற்றம் வந்தால்தான் மாற்றம்.

டைனோ வேண்டாம், ரோட்டிலேயே நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: திருமயம் சாலை காலியாகத்தான் இருக்கும், ஆடு மாடு குறுக்கே வரும்வரை. செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது என்றும் கிளம்பாதீர்கள். பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 189-ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது.

2. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டர்போ உண்டா இல்லையா என்ற ஒரே கேள்விதான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் என்றால், மலிவாகச் சக்தி கூட்டும் வழி கிட்டத்தட்ட இல்லை. அது தன் மூச்சுக்கு எவ்வளவு காற்று இழுக்குமோ அவ்வளவுதான். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்தாலும் மூன்று முதல் ஐந்து சதவீதம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் 3-ஆம் படியைச் செய்துவிட்டு நேராக டயர் வாங்கப் போய்விடலாம்.

டர்போ என்றால் காற்றை அழுத்தித் திணிப்பதை ஈசியூ என்ற கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அங்கே கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு கையில் வைத்திருங்கள். டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். என் வண்டி 5,000 ஆர்பிஎம்மில் 105 பிஎஸ் தருகிறது என்றால் அந்த இடத்தில் டார்க் சுமார் 147 என்எம். 'இந்த ஃபில்டர் மாட்டினால் 20 குதிரை கூடும்' என்று ஒருவன் சொன்னால் அதே ஆர்பிஎம்மில் டார்க் 175-ஐத் தொட்டிருக்கவேண்டும். அதற்கு எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகக் காற்றை உள்ளே இழுத்திருக்கவேண்டும். ஒரு துணிக் கூம்பை மாற்றியதால் அது நடக்குமா என்று நீங்களே பாருங்கள்.

3. கூட்டுவதற்கு முன் தொலைந்ததை மீட்டெடுங்கள்

பழைய வண்டியில் சக்தி குறைவாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புதான். இதற்கு ஆகும் செலவுதான் இந்தக் கட்டுரையிலேயே மதிப்புள்ள செலவு.

ஏர் ஃபில்டர்: நம் செம்மண் பூமிக்குக் கம்பெனி சொல்லும் கெடு போதாது. கானாடுகாத்தான், கீழச்சீவல்பட்டி என்று உள்ரோட்டில் ஓடுகிறவர்கள் பாதிக் கெடுவிலேயே திறந்து பாருங்கள். ஒரிஜினல் காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்.

பிளக்: தேய்ந்த பிளக்கை மாற்றினால் வித்தியாசம் தெரியும். நல்லா இருக்கிற பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டால் தெரியாது. இரிடியத்தின் நன்மை நீண்ட நாள் வரும் என்பது. சக்தி அதில் இல்லை. கம்பெனி எண் பார்த்து வாங்குங்கள், வெப்ப எண் மாறினால் வேறு தொல்லை வரும்.

டயரில் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டர்போ குழாய்களில் கசிவு உண்டா: மூன்றையும் நல்ல மெக்கானிக் ஒருவர் அரை நாளில் பார்த்துவிடுவார். எனக்கு ஒரு ரப்பர் குழாயின் கிளாம்ப் லூஸாக இருந்தது. நாற்பது ரூபாய் கிளாம்ப். முப்பத்தொன்பதாயிரம் தராத இழுவையை அது தந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

4. இனி பாகம் பாகமாக

கூம்பு ஏர் ஃபில்டர். பானட்டைத் திறந்தால் சிவப்பாகப் பளபளக்கும், அதற்காகவே பாதிப் பேர் வாங்குகிறார்கள். வெளியே வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். சுத்தமான ஒரிஜினல் ஃபில்டரும் அதன் பெட்டியும் முழு வேகத்தில் தரும் தடை அதில் ஓரிரு கிலோபாஸ்கல்தான். தடையே இல்லாமல் ஆக்கினாலும் நூற்றுக்கு இரண்டு. டர்போ வண்டியில் அதுவும் இல்லை, ஏனென்றால் அந்தத் தடையை டர்போ ஏற்கெனவே சரிக்கட்டிக்கொள்கிறது.

வரவு இவ்வளவு. பற்றைப் பாருங்கள். ஒரிஜினல் பெட்டி வண்டியின் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. திறந்த கூம்பு எஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்து சூடான காற்றை உறிஞ்சுகிறது. சித்திரை மாதம் ஒரு மத்தியானம் செக்காலை ரோட்டு நெரிசலில் நின்றபோது ஓபிடி ரீடரில் உள்காற்று 64 டிகிரி காட்டியது. ஒரிஜினல் பெட்டியைத் திரும்ப மாட்டியபின், அதே ரோடு, அதே மாதிரி வெயில், 51.

அதைவிட மோசம் தூசு. மூன்று மாதம் கழித்து மெக்கானிக் அண்ணன் கூம்பைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த குழாய்க்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியில் மருதாணி வைத்த மாதிரி செம்மண். ஃபில்டரைத் தாண்டிய மண். அதற்கு அடுத்து இருப்பது டர்போவின் விசிறி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பொருள். 'தம்பி, இதுல ஒரு தடவை கெட்டுச்சுன்னா உங்க ஃபில்டர் மாதிரி இருபது ஃபில்டர் காசு' என்றார். அன்றே கழற்றினேன். சரி, சிவப்பு ஃபில்டர்தான் வேண்டும் என்றால் ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே உட்காரும் தட்டை வகை, பெயர் பெற்ற கம்பெனியுடையது வாங்குங்கள், நான்கிலிருந்து ஆறாயிரம். கழுவிக் கழுவிப் போடலாம், அதுதான் லாபம். எண்ணெயைக் கொட்டிக் குளிப்பாட்டிவிடாதீர்கள். காற்றளவு சென்சார் உள்ள வண்டிகளில் அந்த எண்ணெய் சென்சாரில் படிந்து வேறு வம்பைக் கொண்டுவரும்.

ஓபிடி சிப். முந்நூறிலிருந்து எண்ணூறு வரை, 'நைட்ரோ', 'பவர்' என்று ஏதாவது பெயர். நான் வாங்கியதைத் திருப்புளியால் பிளந்து பார்த்தேன். ஒரு சின்ன சர்க்யூட், மூன்று எல்இடி. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கம்பிகள் எதுவும் எதனோடும் இணையவில்லை. மினுக்குவதுதான் அதன் முழுநேர வேலை. இதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

எர்த்திங் வயர், வோல்டேஜ் ஸ்டெபிலைசர்: இதுவும் அதே ஜாதி. பேட்டரி எர்த் துருப்பிடித்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், அது இலவசம்.

த்ராட்டில் கன்ட்ரோலர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், காரணம் இது வேலை செய்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் வேலையை அல்ல. ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக எஞ்சினுக்குப் பொய் சொல்கிறது. வண்டி துள்ளுகிறது. ஆனால் முழுக்க மிதித்தால் முழுக்க மிதித்ததுதான், அங்கே ஒரு குதிரையும் கூடவில்லை. ஒன்பதாயிரத்தைந்நூறு கொடுத்து நான் வாங்கியதைக் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தியே இலவசமாகப் பெற்றிருக்கலாம்.

சைலன்சர். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) பின்னால் வரும் குழாயை மட்டும் மாற்றினால் இந்த அளவு எஞ்சினில் சில குதிரைகூட நிச்சயமில்லை. சத்தம் மட்டும் நிச்சயம். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை வளவுக்குள் விட்டேன். நாலு பக்கமும் சுவர், நடுவில் முற்றம், சத்தம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அப்பத்தா எழுந்து வந்து, 'ஏம்ப்பா, காருக்குள்ள மாவு மில்லு வச்சிருக்கியா?' என்றார்கள். மெக்கானிக் அண்ணன் மறுநாள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'வண்டி ஓடல தம்பி, உறுமுது' என்றார். இரண்டு பேருமே சரியாகத்தான் சொன்னார்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி. சில கடைகளில், 'கன்வெர்ட்டரையும் எடுத்துடலாம் சார், ஃப்ரீயா மூச்சு விடும், பழசை நாங்களே வச்சுக்கிறோம்' என்பார்கள். அந்தப் பழசுக்குள் பிளாட்டினம், பெல்லேடியம், ரோடியம் இருக்கிறது. அதைக் காயலான் கடையில் எடைக்கு எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுப்பார்கள். உங்களிடம் கூலியும் வாங்கி, பொருளையும் வாங்கிக்கொள்கிற வியாபாரம். அப்புறம் செக் எஞ்சின் விளக்கு எரியும், பியூசி என்ற புகைச் சோதனையில் தோற்பீர்கள், புதுக் கன்வெர்ட்டர் விலை கேட்டுத் தலை சுற்றும். தொடவே விடாதீர்கள்.

உயர் ஆக்டேன் பெட்ரோல். பாகம் இல்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பார்கள். சாதாரணப் பெட்ரோலுக்கே ட்யூன் செய்த எஞ்சினில் எக்ஸ்பி100 (இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல்) ஊற்றினால் சக்தி கூடாது. டர்போ வண்டியில், கடும் வெயிலில், எஞ்சின் நாக் ஆகாமலிருக்க (பெட்ரோல் தாறுமாறாகத் தானே வெடித்துத் தட்டாமலிருக்க) ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும்போது கூடுதல் ஆக்டேன் கொஞ்சம் உதவும். அதை ஓபிடி ரீடரில் பார்க்கலாம். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

ட்யூனிங் பாக்ஸ். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் செருகும் பெட்டி. டர்போ அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்லி ஈசியூவை இன்னும் திணிக்க வைக்கிறது. டர்போ வண்டியில், முக்கியமாக டீசலில், சக்தி நிஜமாகவே கூடும். நல்லது பன்னிரண்டாயிரத்துக்கு மேல்தான். அதற்குக் கீழே கிடைப்பதில் உள்ளே ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கலாம். கழற்றிவிடலாம் என்பது வசதி, எஞ்சின் நாக் ஆகிறதா என்று அதற்குத் தெரியாது என்பது ஆபத்து. பெட்ரோல் டர்போவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஈசியூ ரீமேப். பட்டியலில் உண்மையாகச் சக்தி தருவது இதுதான். என் வகை எஞ்சினுக்கு 25 பிஎஸ் பக்கம் கூடும் என்று ட்யூனர்கள் சொல்வது வழக்கம். விலை இருபதிலிருந்து நாற்பதாயிரம். நான் முப்பத்தொன்பதாயிரத்தை உதிரி உதிரியாகத் தொலைத்திருக்காவிட்டால் நேராக இங்கே வந்திருக்கலாம். இதற்குத் தனிப் படி இருக்கிறது, அதற்குமுன் காகிதம்.

5. காகிதங்களை எடுத்து மேசையில் போடுங்கள்

ஆர்சி, இன்ஷூரன்ஸ் பாலிசி, பியூசி. மூன்றையும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு: ஆர்சியில் இருக்கும் விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உங்கள் ஆர்சி அட்டையில் சிசி பக்கத்தில் குதிரைசக்தியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ரீமேப் செய்தபின் அந்த எண் பொய்யாகிவிடுகிறது. கடைக்காரர் 'யாரு சார் பாக்கப்போறா' என்பார். விபத்து நடந்தால் பார்ப்பார்கள்.

2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவு. பத்தாயிரம் வரை அபராதம், சிறை, அதோடு மூன்று மாதம் லைசென்ஸுக்கும் ஆபத்து. சைலன்சர் மாட்டியவர்களுக்குச் சாலையில் முதலில் வருவது இதுதான். என்னைத் தேவகோட்டை ரோட்டில் நிறுத்தினார்கள். கையில் அபராதச் சீட்டோடு வீட்டுக்கு வந்து, அந்த வாரமே கழற்றினேன்.

பியூசி: பாரத் ஸ்டேஜ் 4, 6 புகை விதிப்படி வந்த வண்டிகளுக்கு ஒரு வருடம் செல்லும். ரீமேப்புக்கோ சைலன்சருக்கோ போகுமுன் முடியும் தேதி பாருங்கள். மாற்றியபின் ஒருமுறை சோதனை செய்து, கார்பன் மோனாக்சைடு அளவு முன்பு இருந்ததோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இன்ஷூரன்ஸ்: மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லவேண்டும். அவர்கள் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கலாம். சொல்லாமல் விட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மைத் தள்ளிவிட அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். எனக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. ஏஜென்ட் வாயால் சொல்லும் 'அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்' காகிதம் ஆகாது.

6. வாங்கும்போது

பில் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. இன்னும் பழைய வரி சேர்த்த விலையைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், பேரம் பேச இது ஒரு பிடி. பில் இல்லாமல் 'குறைச்சுத் தர்றேன்' என்பவரிடம் வாங்கினால் வாரன்ட்டி என்ற பேச்சே கிடையாது.

பெயர் பெற்ற ஃபில்டர், பிளக் கம்பெனிகளின் போலிகள் சந்தையில் நிறைய. ஆன்லைனில் ஒரிஜினலின் பாதி விலைக்கு வந்தால் பாதி விலைக்குரிய பொருள்தான் வரும். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்ப அதுதான் சாட்சி.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது நம் ஊரில் சகஜம். சைலன்சர் அளவுக்குப் பெரிய பொருளைச் சொல்லி அவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்தாரிடம் மாட்டிவிடாதீர்கள். அம்மானிடம் நான் வாங்கிய திட்டு எனக்குப் போதும்.

7. ரீமேப் என்று முடிவுசெய்தால்

ட்யூனரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

என் வண்டியின் ஒரிஜினல் ஃபைலைப் பத்திரப்படுத்தி எனக்கும் ஒரு பிரதி தருவீர்களா? மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எந்தப் பெட்ரோலுக்கு மேப் போடுவீர்கள்? இது நமக்கு முக்கியம். பெருநகரத்து ட்யூனர் 100 ஆக்டேனை நினைத்துக்கொண்டு மேப் போட்டுவிடுவார். அதோடு ஊருக்கு வந்து திருமயத்தில் கிடைத்த சாதாரணப் பெட்ரோலை நிரப்பினால் எஞ்சின் நாக் தொடங்கும், ஈசியூ டைமிங்கை இழுக்கும், காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் பாதி திரும்பிப் போய்விடும். 'காரைக்குடியில் கிடைக்கும் பெட்ரோலுக்கு, 40 டிகிரி வெயிலுக்கு' என்று சொல்லிப் போடச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது என்பதையும் அவர் கணக்கில் எடுத்திருக்கவேண்டும்.

டார்க் எவ்வளவுக்குப் போகும்? என் வண்டியின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி 250 என்எம் வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. 175-இலிருந்து 220 என்றால் இடம் இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் ஏத்தித் தர்றேன்' என்பவரிடம் கியர்பாக்ஸ் செலவையும் அவரே தருவாரா என்று கேளுங்கள்.

முன்னும் பின்னும் டைனோ அந்த விலைக்குள் அடங்குமா? அடங்கவேண்டும்.

போகுமுன் எஞ்சின் ஆயில், பிளக், கூலன்ட் மாற்றிக்கொண்டு போங்கள். வேலை இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். அன்றே திரும்பிவிடலாம், ஆனால் நான் ஒரு ராத்திரி தங்குங்கள் என்பேன். மறுநாள் காலை ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, ஏதாவது இடறினால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். இவ்வளவு தூரம் தாண்டி ஊருக்கு வந்தபின் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் தனியாக உட்கார்ந்து அழவேண்டியதுதான்.

நான் ரீமேப் செய்தேனா என்று கேட்பீர்கள். செய்யவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பதிலைப் படித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் காசில் நான்கு நல்ல டயர், பிரேக் பேட், டாட்4 பிரேக் ஆயில். குன்றக்குடி வளைவுகளில் வண்டி இப்போது ஓடுகிற ஓட்டத்துக்கு என்னிடம் டைனோ தாள் இல்லை.

8. கழற்றிய ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள்

கோயம்புத்தூரில் அன்றைக்கு நடந்தது இது. அளப்பதற்காகக் கழற்றியதையும் மறுபடி மாட்டி, எல்லாப் பாகமும் உள்ள நிலையில் மூன்று ஓட்டம், அதில் நல்லது சக்கரத்தில் 87.6 குதிரை. அங்கேயே கூம்பையும் சிப்பையும் கழற்றி, டிக்கியில் வைத்திருந்த பழைய ஏர் பாக்ஸை மாட்டினோம்; 89.1. வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஏற்ற இறக்கத்துக்குள்தான் அடங்கும் என்றார் டைனோ ஓட்டிய பையன். பழைய பெட்டி கையில் இருந்ததால் இதைப் பார்க்க முடிந்தது. ஏர் பாக்ஸ், சைலன்சர், நட்டு, கிளாம்ப் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, எது எங்கே என்று எழுதிப் பரணில் போடுங்கள். வண்டியை விற்கும்போது ஒரிஜினல் நிலையில் இருக்கிறதா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வி.

கழற்றிய பாகங்களை விற்க நினைத்தால் நான் பெற்ற விலை: சைலன்சர் 21,000-க்கு வாங்கியது 6,000. த்ராட்டில் கன்ட்ரோலர் 9,500-க்கு வாங்கியது 4,000, வாங்கிய தம்பியிடம் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். கூம்பு ஃபில்டரை யாரும் கேட்கவில்லை. சிப்பை நானே உடைத்துவிட்டேன்.